லொறியை ஓட்டியது தர்மிளா

எங்கள் லொறி ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் முதல் தேநீர் அப்பாவுக்குத்தான் வரும். வாடகைக் கதிரைகளையும் சமையல் கிடாரங்களையும் இறக்கத் தொடங்குவதற்கு முன்னரே அந்த வீட்டிலிருந்து யாராவது ஒரு தட்டில் கிளாசை வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். "டிரைவர் ஐயா, இதைக் குடிச்சிட்டு இறக்குங்கோ" என்று, இடப்பக்கக் கதவால் இறங்கி நிற்கும் அப்பாவிடம் நீட்டுவார்கள். வலப்பக்கக் கதவால் இறங்குகிற அண்ணியைப் பார்த்து, "பிள்ளை, நீங்கள் உள்ள வாங்கோ, குசினியில பொம்பிளையள் நிக்கினம்" என்பார்கள். அப்பா திருத்திச் சொன்னதில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, "சீனி கூடிப்போச்சு" என்று மட்டும் சொல்வார்.

அண்ணி அதற்காக முகம் சுளித்து நான் கண்டதில்லை. குசினிக்கும் போகமாட்டார். லொறியின் பின்கதவைத் திறந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்குவார். சற்று நேரத்தில் வீட்டுக்காரருக்கு விளங்கும். விளங்கியதும் இன்னொரு தேநீர் வரும். இரண்டாவது தேநீர் எப்போதும் ஆறித்தான் இருக்கும் என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார்.

அவர் பெயர் தர்மிளா. என் அண்ணன் மதுசனைக் கலியாணம் கட்டித் தருமபுரத்துக்கு வந்தவர். அண்ணன் கட்டாருக்குப் போன பிறகுதான் இந்தக் கதிரை வாடகைத் தொழிலை அவர் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் கலியாணமோ சாமத்திய வீடோ செத்தவீடோ எதுவாயினும், கதிரை கிளிநொச்சி நகரத்திலிருந்துதான் வரவேண்டியிருந்தது. பெரும்பாலும் பிந்தித்தான் வரும். ஒரு செத்தவீட்டில், பிரேதம் எடுத்த பிறகு கதிரைகள் வந்து இறங்கியதை அண்ணி பார்த்திருக்கிறார். அன்றைக்குத் தோன்றிய யோசனை. எங்கள் வீட்டு மண்டபம் முழுக்க நீலக் கதிரைகள் அடுக்கி நின்றன. நாங்கள் அவற்றுக்கு இடையில் ஒதுங்கி நடந்தோம். முதலில் அப்பாவின் லாண்ட்மாஸ்ரரில், அந்தக் கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிப் போனார்கள். பிறகு லீசிங் தவணையில் ஒரு சின்ன லொறி, இங்கே எல்லோரும் பட்டா என்று சொல்கிற வகை, வாசலுக்கு வந்தது.

அப்பாவின் பெயர் மூக்கன். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு சிறுவனாக வன்னிக்கு வந்தவர். நெடிய மனிதர். பழைய வீட்டு நிலைகளில் எல்லாம் குனிந்துதான் நுழைவார். அவருடைய சாரதி அனுமதிப்பத்திரம் மோட்டார் சைக்கிளுக்கும் லாண்ட்மாஸ்ரருக்கும் மட்டும். லொறி வந்த அன்று, அதை ஓட்ட ஒரு பையனைச் சம்பளத்துக்குப் பிடிக்கலாம் என்றார். அண்ணி அடுத்த கிழமை கிளிநொச்சியில் சாரதிப் பயிற்சிக்குப் பதிந்துவிட்டு வந்தார்.

அண்ணி கட்டையானவர். இருக்கையை முன்னுக்கு இழுக்கக்கூடிய மட்டும் இழுத்து, முதுகுக்கு ஒரு தலையணையும் கீழே ஒரு மெத்தையும் வைத்தால்தான் அவருக்கு ரோட்டுத் தெரியும், கால் எட்டும். பந்தலுக்கு வாங்கிய காவியும் வெள்ளையுமான சீலையில் மிஞ்சியதை வெட்டி அந்த மெத்தையைத் தைத்தார். சந்தியில் நின்ற ஒருவர், "என்ன தர்மிளா, ஸ்ரியரிங்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு ஓடுறாய்?" என்று கேட்டபோது, "விட்டிட்டு ஓடுறதைவிட இது நல்லமெல்லே அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் அதற்கு முந்திய மாதம் தன் மோட்டார் சைக்கிளைக் கோயில் மதிலில் கொண்டுபோய் விட்டவர். சந்தியில் இருந்தவர்களுக்கு அது தெரியும்.

லீசிங் வாகனத்துக்கு முழுக் காப்புறுதி கட்டாயம். காப்புறுதிக் கம்பனி கொடுக்கும் அட்டையை எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் பிள்ளையாருக்குக் கீழே செருகிவிட்டு மறந்துவிடுவார்கள். விபத்து நடந்தால் முதலில் மச்சானுக்கு அழைப்பார்கள். பிறகு பொலிசில் பழக்கமான ஆள் யாரென்று தேடுவார்கள். ரோட்டோரத்தில் நின்று இரண்டு பக்கமும் சத்தம் போட்டு, நடுவில் யாரோ ஒருவர் பேசி, கைகொடுத்துப் பிரிந்த பிறகுதான் அந்த அட்டை ஞாபகத்துக்கு வரும். அப்போது கம்பனிக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

அண்ணி லொறி வந்த கிழமையே அந்த அட்டையில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தார்.

"அக்சிடன்ற் ஒண்டும் நடக்கேல்லைத் தங்கச்சி. நடந்தா என்ன செய்யவேணுமெண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

மறுமுனையில் இருந்த பெண் சிரித்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். அண்ணி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கதிரைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். ஆளுக்குக் காயமென்றால் முதலில் ஆஸ்பத்திரி. பிறகு அந்த இடத்திலிருந்தே அழைக்கவேண்டும். மதிப்பீட்டாளர் வரும்வரை வாகனத்தை அசைக்கக்கூடாது. பிறருடைய சொத்துக்குச் சேதமென்றால் பொலிசில் முறைப்பாடு பதியவேண்டும்.

"பிழை எங்கட பக்கமெண்டா?" என்று அண்ணி கேட்டார்.

"முழுக் காப்புறுதி எண்டா அப்பவும் உங்கட வாகனத்தைப் பாப்பம் அக்கா. ஆனா லைசன்ஸ் உள்ள ஆள்தான் ஓட்டியிருக்கவேணும். குடிச்சிருக்கக்கூடாது. நடந்ததை நடந்தபடி சொல்லவேணும்."

இரவு சாப்பிடும்போது அண்ணி இதை அப்பாவுக்குச் சொன்னார். "மாமா, நம்மட பிழையெண்டாலும் தருவினமாம். பொய்யெண்டாத்தான் தரமாட்டினமாம்."

"சொல்றப்ப எல்லாம் நல்லாத்தான் சொல்லுவானுங்க" என்றார் அப்பா.

அது நடந்தது இந்த வருடம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. பெரும்போக அறுவடை முடிந்த நேரம். கண்டாவளைப் பக்கம் தார் ரோட்டில் பாதியை நெல்லுக்குக் கொடுத்துவிடுவார்கள். வெட்டிய நெல்லை ரோட்டில் பரப்பி, வாகனம் ஏறாமல் ஓரத்தில் கல்லும் தடியும் வைத்துக் காயவிடுவார்கள். வாகனங்கள் மற்றப் பாதியில் ஓடவேண்டும். சரியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வெயிலும் அந்தத் தாரும் வேறெங்கே கிடைக்கும்?

அன்று ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குக் கதிரை ஏற்றிக்கொண்டு அண்ணியும் அப்பாவும் போனார்கள். அந்தப் பிள்ளையின் தாய் என்னோடு வேலை செய்பவர். அதனால் நான் காலையிலேயே ஸ்கூட்டியில் அங்கே போய்விட்டேன். லொறி வந்த வழியில், எதிரே ஒரு பெண் சைக்கிளின் முன்கம்பியில் குழந்தையை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவளுக்கு இடம் கொடுக்க அண்ணி லொறியை இடப்பக்கம் நெல்லின்மேல் எடுத்தார். எடுத்துக்கொண்டு பிறேக்கையும் மிதித்தார். காய்ந்த நெல்லில் ரயர் பிடிக்காது. லொறியின் மூக்கு மெல்லத் திரும்பி, மதகுக் கட்டில் இடித்து, வறண்ட வாய்க்காலுக்குள் ஒரு பக்கமாய்ச் சரிந்தது. கயிறு அறுந்து நீலக் கதிரைகள் வயலுக்குள் பறந்தன. சைக்கிள்காரிக்கும் குழந்தைக்கும் ஒன்றுமில்லை. அப்பாவுக்கும் ஒன்றுமில்லை. அண்ணியின் நெற்றி கதவு விளிம்பில் பட்டுப் பிளந்தது.

சாமத்திய வீட்டுக்கு ஆள் வந்து சொன்னதும் நான் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஊர் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது.

நெல்லுக்குச் சொந்தக்காரர் யோகலிங்கம். அவருடைய வீட்டுப் பெண்கள் அண்ணியை உள்ளே கூட்டிப்போய்க் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் டிராக்டரில் கயிறு கட்டி லொறியை நிமிர்த்தி ரோட்டோரத்தில் வைத்துவிட்டார்கள். உடைந்த கண்ணாடியை யாரோ கூட்டி அள்ளியிருந்தார். இரத்தம் சிந்திய இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றியிருந்தது. நெல் ஒரு மணி மிச்சமில்லாமல் சாக்குகளுக்குள் போயிருந்தது. வயலுக்குள் பறந்த கதிரைகளைப் பொறுக்கித் துடைத்து மருதமர நிழலில் வரிசையாய்ப் போட்டு, களைத்தவர்கள் அவற்றிலேயே அமர்ந்திருந்தார்கள். விழுந்ததை விழுந்தபடி விட்டுவைக்க எங்கள் ஆட்களுக்கு வராது. வீடுகளையே அப்படித் திரும்பத் திரும்ப நிமிர்த்தியவர்கள்.

அந்த முன்வரிசையில் ஒரு பொலிஸ் சார்ஜன்டும் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். வேறு அலுவலாய் அந்த வழியால் போனவர், கூட்டத்தைக் கண்டு நிறுத்தியிருக்கிறார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். யார் ஓட்டியது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அப்பா முன்னால் வந்து, "நாந்தாங்கய்யா ஓட்டுனேன்" என்று சொல்லிவிட்டார். யோகலிங்கமும், "ஓம் சேர், ஐயாதான்" என்று தலையாட்டியிருக்கிறார். மற்றவர்களும் ஆட்டியிருக்கிறார்கள்.

அப்பாவை ஒரு பக்கமாக இழுத்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"சத்தம் போடாத. நம்ம வூட்டுப் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயி பொலிசுல ஒக்கார வைப்பானுங்க. நான் பாத்துக்கிட்டு நிக்கிறதா? ஒங்க அண்ணன் போன் பண்ணிக் கேட்டா நான் என்ன சொல்றது?"

அந்த நேரம் அண்ணி வெளியே வந்தார். நெற்றியில் யாருடையதோ சீலைத்துண்டு கட்டியிருந்தது. கையில் தொலைபேசி.

"மாமா, கம்பனிக்குச் சொல்லிட்டன். ஆள் வந்துகொண்டிருக்கிறாராம்" என்றார். பிறகு நிமிர்ந்து நிற்கும் லொறியைப் பார்த்தார். வெறும் ரோட்டைப் பார்த்தார். "இதையெல்லாம் ஏன் எடுத்தனீங்கள்?"

"ஆர் ஓட்டினதெண்டு கம்பனிக்குச் சொன்னனீ?" என்று யோகலிங்கம் கேட்டார்.

"நான்தான் எண்டு."

மருதமரத்தின் கீழ் இருந்தவர்கள் எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். சார்ஜன்ட் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாய் விளங்கத் தொடங்கியது. அவர் ஓட்டியதென்றால், அது லொறி ஓட்ட அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டிய வாகனம். கம்பனி ஒரு சதமும் தராது. பொலிசில் ஒரு கதையும் கம்பனியில் இன்னொரு கதையும் என்றாலும் தராது. திருத்தவும் முடியாமல், தவணையும் கட்ட முடியாமல் போனால், லீசிங்காரர் வந்து லொறியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கதிரைகள் திரும்பவும் எங்கள் மண்டபத்தில் அடுக்கி நிற்கும்.

"அப்ப அந்தாளுக்குச் சொல்லு பிள்ளை, தலையில அடிபட்டதில மாறிச் சொல்லிட்டன் எண்டு" என்றாள் காயம் கட்டிவிட்ட பெண். "மாமாவே ஏற்றுக்கொண்டிட்டார். நீ ஏன் பொலிசுக்கு அலைவான்?"

யோகலிங்கம் அண்ணியின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, என்ட நெல்லைப் பற்றி ஒண்டும் சொல்லிப்போடாதை. ரோட்டில காயப்போட்டதுக்கு என்னையும் பிடிப்பாங்கள்."

அண்ணி ஒரு நீலக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் எதை யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், இத்தனை பேருக்கு முன்னால் அப்பாவைப் பொய்யர் ஆக்கவேண்டும். சொல்லாவிட்டால் லொறி போய்விடும். அப்பா மரத்தின் மறுபக்கம் திரும்பி நின்றார். அவ்வளவு நெடிய மனிதர் மரத்துக்குப் பின்னால் மறைய முயல்வது பார்க்கப் பாவமாயிருந்தது.

மதிப்பீட்டாளர் அஸ்வர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வவுனியா நெளுக்குளத்துக்காரர், வேலைக்காகக் கிளிநொச்சியில் தங்கியிருப்பவர். ஹெல்மெட்டைக் கழற்றியபடி வரிசைகளைப் பார்த்தார்.

"என்ன, கூட்டம் நடக்குதோ? நான் தலைமை தாங்க வந்தமாதிரிக் கிடக்கு."

சிலர் எழுந்து நின்றார்கள். ஒருவர் அவருக்கும் ஒரு கதிரை போட்டார். அவர் உட்காராமல் லொறியைச் சுற்றி நடந்தார். நசுங்கிய மூலையைப் படமெடுத்தார். ஒழுகும் ரேடியேற்றரைப் படமெடுத்தார். பிறகு ரோட்டுக்கு வந்து நாலு பக்கமும் பார்த்தார்.

"லொறி இருக்கு. மதகு இருக்கு. விபத்து எங்க? கழுவிக் காயப்போட்டிட்டியளோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் அண்ணியின் அனுமதிப்பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு சார்ஜன்டிடம் போய்ச் சிங்களத்தில் கதைத்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்தபோது முகம் மாறியிருந்தது.

"அக்கா, ரெண்டு கதை இருக்கு. பொலிசில ஐயா ஓட்டினதாம். எங்களுக்கு நீங்கள் ஓட்டினதாம். குறை நினைக்காதைங்கோ, லைசன்ஸ் இல்லாத ஆள் இடிச்சிட்டு, லைசன்ஸ் இருக்கிற ஆளை முன்னுக்கு விடுறது எங்களுக்குப் புதுசில்லை. மகன் இடிச்சா தகப்பன் வருவார். தம்பி இடிச்சா அண்ணன் வருவார். பொம்பிளையை விட்டது இதுதான் முதல்தரம்."

கோபம் வரும்போது அண்ணியின் குரல் உயராது, இன்னும் மெதுவாகும். அன்றும் அப்படித்தான் இருந்தது. எழுந்து நின்றார்.

"என்னை ஒருத்தரும் முன்னுக்கு விடேல்லைத் தம்பி. மாமா என்னைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னவர். நல்ல மனசாலதான் சொன்னவர். ஆனா இந்த லொறி வந்த நாள் முதல் நான்தான் ஓட்டுறன். நல்லா ஓட்டின நாளெல்லாம் என்ட பேரிலயெண்டா, இடிச்ச நாளும் என்ட பேரிலதான் இருக்கவேணும்."

அஸ்வர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நம்பியதாகத் தெரியவில்லை.

"நம்பாட்டி மாமாவை ஏறி இருக்கச் சொல்லிப் பாருங்கோ" என்றார் அண்ணி.

அப்பா மரத்தின் பின்னாலிருந்து வந்தார். மறுக்கவில்லை. இன்னும் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, விறைப்பாக நடந்துபோய் வலப்பக்கக் கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். தலையை நுழைத்தார். உடலை மடித்து மடித்து எப்படியோ இருக்கையில் சேர்த்தார். காவி வெள்ளை மெத்தை அவரைத் தூக்கியதில் தலை கூரையில் முட்டிக் கழுத்து வளைந்தது. இரண்டு முழங்காலும் ஸ்ரியரிங்கின் இரு பக்கமும் காதுமட்டத்துக்கு வந்துவிட்டன.

"ஐயா, கிளச்சை மிதியுங்கோ பாப்பம்" என்றார் அஸ்வர்.

அப்பா குனிந்து கிளச்சைத் தேடினார். கால் அசையவில்லை.

"இப்பிடியே தருமபுரத்திலயிருந்து வந்தனீங்களோ?"

"மெதுவா வந்தேங்க" என்றார் அப்பா.

முதலில் சிரித்தது சார்ஜன்ட்தான். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பிறகு மருதமரத்தின் கீழ் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். காயம் கட்டிவிட்ட பெண் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவும் சிரித்துவிட்டார். சிரித்ததில் இன்னும் இறுகிக்கொண்டார். அஸ்வர் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிவிட நெம்புகோலைப் பிடித்து இழுத்தார். அது துருப்பிடித்து, இருந்த இடத்திலேயே இறுகியிருந்தது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. கடைசியில் அப்பாவைத்தான் இழுத்து எடுக்கவேண்டி வந்தது.

"இந்த இருக்கை அசைஞ்சு கனகாலம்" என்றார் அஸ்வர். அதையும் ஒரு படமெடுத்துக்கொண்டார்.

அப்பா சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நேராக அண்ணியிடம் வந்தார். "புள்ள, நான் கெடுத்துப்புட்டேன்" என்றார். "இல்லை மாமா" என்றார் அண்ணி. அப்பாவே சார்ஜன்டுக்கு முன்னால் போய் நின்று, "நான் ஓட்டலீங்க. மருமகதான் ஓட்டுச்சு. பொம்பளப் புள்ளைய பொலிசுக்கு அனுப்ப மனசு வரலீங்க" என்றார். வேலையிடத்தில் சிங்களம் பழகியிருந்த நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

சார்ஜன்ட் அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. எனக்காகக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்."

சொன்னார். எதிரே சைக்கிளில் குழந்தையோடு ஒரு பெண் வந்ததையும், இடம் கொடுக்க நெல்லின்மேல் எடுத்ததையும் சொன்னார். நெல்லைத் தூரத்திலேயே கண்டதாகவும், அதற்கு முன்னால் நிறுத்தி அந்தப் பெண்ணைப் போகவிட்டிருக்கலாம் என்றும் சொன்னார். "கடந்திடலாமெண்டு நினைச்சன். அது என்ட பிழை." நெல் யாருடையது என்று அவர் சொல்லவில்லை. சார்ஜன்ட் கேட்டார். அண்ணி பேசாமல் நின்றார்.

யோகலிங்கம் தொண்டையைச் செருமினார். பிறகு கதிரையைவிட்டு எழுந்தார். "நெல்லு என்ட, சேர். இந்தா, இந்தச் சாக்குகள்தான். இடிச்ச உடன நான்தான் அள்ளினனான்" என்றார். சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்து, "நீ உன்ட பிழையை ஒத்துக்கொள்ளேக்கை நான் மட்டும் எப்பிடி இருக்கிறது?" என்றார்.

சார்ஜன்ட் எழுதியதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார். கையொப்பமிடுவதற்கு முன் அண்ணி அதை என்னிடம் கொடுத்துத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். போகும்போது சார்ஜன்ட் அப்பாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார்.

"இனிமேல் பொய் சொல்வதாக இருந்தால், உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிற வாகனமாகப் பார்த்துச் சொல்லச் சொல்கிறார்" என்றேன். அதையும் குறைக்கவில்லை.

சாமத்திய வீடு தவறவில்லை. யோகலிங்கம் டிராக்டர் பெட்டியைக் கொண்டுவந்தார். மருதமரத்தின் கீழ் இருந்தவர்கள் தாங்கள் இருந்த கதிரையைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்து ஏற்றினார்கள். பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும் நேரத்துக்கு முன்னர் பந்தலில் கதிரை நிறைந்துவிட்டது. அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போய் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு, கிடாரங்களைத் திருப்பியெடுக்க நேரத்துக்கே வந்து நின்றார்.

அதற்குப் பிறகு நடந்தவை மெதுவாகத்தான் நடந்தன. லொறி கராஜுக்குப் போனது. கராஜ்காரர் செலவு மதிப்பைப் போட்டுக்கொடுக்க, அஸ்வர் திரும்பவும் வந்து, கழற்றிய பாகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதைத் திருத்தலாம், எதை மாற்றவேண்டும் என்று அவருக்கும் கராஜ்காரருக்கும் வாக்குவாதம். அண்ணி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். புதிய பாகம் போட்டால், பழையது தேய்ந்த அளவைக் கழித்துத்தான் கம்பனி தரும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மதகின் சேதம் காப்புறுதியின் மூன்றாம் தரப்புப் பகுதியில் போனது. கவனக்குறைவாக ஓட்டியதற்கு நீதிமன்றத்தில் தண்டம். அண்ணி தனியாகவே போனார். கூப்பிட்டபோது எழுந்து நின்று, ஓம் என்று ஒப்புக்கொண்டு, கட்டிவிட்டு வந்தார். வருடம் முழுக்க விபத்தில்லாமல் ஓட்டினால் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு மட்டும் போய்விட்டது. அதற்குத்தான் அவர் மிகவும் வருந்தினார். "அதை நான் ஓடிச் சேர்த்தது" என்று இரண்டு மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் அப்பாவின் லாண்ட்மாஸ்ரர் திரும்பவும் வேலைக்கு வந்தது. கதிரைகள் கொஞ்சங் கொஞ்சமாகப் போயின. ஆனால் ஒரு வீட்டுக்கும் பிந்தவில்லை. அண்ணன் கட்டாரிலிருந்து அழைத்து, "லொறியைக் குடுத்திட்டு இரு, காணும்" என்றான். "கம்பனி தரும். நான் உண்மையைத்தான் சொன்னனான்" என்றார் அண்ணி. சித்திரை வருடப்பிறப்பு முடிந்து சில நாட்களில் கராஜ்காரர் அழைத்தார். கம்பனி அனுமதித்துவிட்டது, வேலை முடிகிறது. லொறியை எடுக்கப் போனபோது, அந்த இருக்கை நெம்புகோலுக்குக் கிறீஸ் போட்டுவிடவா என்று கேட்டார்.

"போடுங்கோ. ஆனா இருக்கையை இடம் மாத்திப்போடாதைங்கோ" என்றார் அண்ணி.

ஆனி மாதத்தில் யோகலிங்கத்தின் மூத்த மகளுக்குக் கலியாணம். கதிரை எங்களிடம்தான். அதே ரோட்டால் போனோம்; நான் பின்னால் ஸ்கூட்டியில். நெல் இல்லாத காலம். மதகுக்குப் புதிய சீமெந்து பூசியிருந்தது. அந்த இடத்தில் அண்ணி வேகத்தைக் குறைத்ததைப் பின்விளக்குச் சொன்னது. பந்தலுக்கு முன்னால் லொறி நின்றது. நெல் அள்ளிய அன்று அங்கே இல்லாத யாரோ ஒரு உறவுக்காரப் பெண், தட்டில் தேநீரோடு இடப்பக்கக் கதவுக்கு வந்தாள்.

"டிரைவர் ஐயா, இதைக் குடியுங்கோ."

அப்பா இறங்கினார். கிளாசை வாங்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. சுடச்சுட அந்தக் கிளாசை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, லொறியின் முன்பக்கத்தால் சுற்றி நடந்து, வலப்பக்கம் போய் நின்றார். அண்ணி அப்போதுதான் கதவைத் திறந்து காலை நீட்டினார்.

"இந்தா புள்ள" என்றார் அப்பா. பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"டிரைவர் என் மருமகங்க. எனக்கு அப்புறமாக் குடுங்க. சீனி கொறச்சு."